நிலைமொழியும் வருமொழியும்: பேராக் தமிழரின் இனமும் வாழ்வும்

‘இனம்’ என்னும் சொல்லை இன்று நாம் அடிக்கடி எழுதுகிறோம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் எழுதுகிறோம், அரசாங்க அலுவலகத்தில் எழுதுகிறோம், செய்தித்தாளில் படிக்கிறோம். அச்சொல்லைக் கேட்டவுடன் குருதியும் பிறப்பும் நிறமுமே நினைவுக்கு வருகின்றன. பண்டைத் தமிழர் அச்சொல்லை இப்பொருளில்தான் வழங்கினரா என்று ஆராய்வது, பல மக்கள் ஒருங்கு வாழும் நாட்டில் வாழும் தமிழர்க்கும், அவர்தம் பிள்ளைகட்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பயன் தருவதாகும். மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தமிழர் வாழ்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இனம் – பழைய பொருள்

திருக்குறளின் 46ஆம் அதிகாரம் ‘சிற்றினம் சேராமை’. அங்கே இனம் என்பது ஒருவன் பிறந்த குலத்தைக் குறிப்பதன்று. அவன் சேர்ந்து பழகும் கூட்டத்தையே குறிக்கின்றது. நீரானது தான் சேர்ந்த நிலத்தின் தன்மையை அடையும். அதுபோல மாந்தரின் அறிவு அவர் சேர்ந்த இனத்தின்படி அமையும் என்பது வள்ளுவர் கருத்து. இனம் பிறப்பினால் மட்டும் அமைவதாயின் ‘சேராதே’ என்று அறிவுரை கூறுவதற்கே இடமில்லை. சேர்வதும் விலகுவதும் மனிதன் கையில் உள்ளவை. ஆதலால்தான் அங்கே அறிவுரை தோன்றுகின்றது.

இலக்கண நூலார் கருத்தும் நோக்கத்தக்கது. மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்றாக வகுத்த அவர்களே, ககரத்துக்கு ஙகரத்தையும் தகரத்துக்கு நகரத்தையும் ‘இனவெழுத்து’ என்றனர். ஒன்று வன்மை, மற்றொன்று மென்மை. ஆயினும் பிறக்கும் இடம் ஒன்று. இடம், முயற்சி, அளவு, பொருள், வடிவு என்பவற்றுள் ஒன்றேனும் ஒத்திருந்தால் இனமாகும் என்பது நன்னூலார் கொள்கை. எல்லாவற்றாலும் ஒத்திருந்தால்தான் இனம் என்று அவர் வரையறுக்கவில்லை. ஒரே மண்ணில் பிறந்து, வேறு வேறு ஓசையோடு வாழும் மக்களுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் வேறு வேண்டுமோ?

குடிக்கணக்கில் வந்த இனம்

இன்று நாம் வழங்கும் பொருள் பெரும்பாலும் குடிக்கணக்கு வழியே வந்தது. சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு முதலியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1891ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எடுத்த குடிக்கணக்கில், ‘தமிழரும் இந்தியாவின் பிற குடிகளும்’ என்ற கருத்தில் ஒரு தலைப்பு அமைந்தது. இன்று பேராக்கைச் சேர்ந்த லூமூட், பங்கோர்த் தீவு முதலியவை அடங்கிய டின்டிங்ஸ் பகுதியும் அந்நாளில் அக்குடியேற்றங்களில் ஒன்றாகவே இருந்தது. 1935இல்தான் அது பேராக்கிற்குத் திரும்பியது. பின்னாளில் அத்தலைப்பு ‘இந்தியர்’ என மாறியது. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், பஞ்சாபியர் எல்லாரும் ஒரே கட்டத்துள் அடங்கினர்.

பெற்றோர் இருவரும் இருவேறு மக்களாயின், தீபகற்ப மலேசியாவில் தந்தையின் இனமே பெரும்பாலும் பிள்ளைக்குப் பதியப்படுகிறது. எனவே பதிவேட்டு இனம் குருதியைப் பார்க்கின்றது. அதிலும் ஒரு பாதியையே பார்க்கின்றது. ஆனால் அதே நாட்டின் அரசமைப்புச் சட்டம், 160ஆம் பிரிவில், ‘மலாய்க்காரர்’ என்பதற்குத் தரும் விளக்கம் வேறு வகையானது. இஸ்லாத்தைத் தழுவியவர், மலாய் மொழியை வழக்கமாகப் பேசுபவர், மலாய் வழக்கங்களைப் பின்பற்றுபவர் என்று அது கூறுகின்றது. பிறப்பிடமும் வாழிடமும் பற்றிய நிபந்தனையும் அங்கு உண்டு. மலாய்க் குருதி வேண்டும் என்ற பேச்சு இல்லை. சமயம், மொழி, வழக்கம் ஆகிய மூன்றும் ஒருவர் நாள்தோறும் கைக்கொள்பவை. இவ்வகையில் அச்சட்டம் வள்ளுவர் கண்ட இனத்திற்கு ஓரளவு நெருங்கி நிற்கின்றது எனலாம்.

தோட்டம் ஆக்கிய தமிழர்

பேராக்கில் தமிழர் எவ்வாறு ஓர் இனமாக உருவாயினர் என்பதை இனிக் காண்போம். 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் ஆட்சி பேராக்கில் கால் கொண்டது. 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரி ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒன்று எனக் கூறப்படும் முதுமரம் இன்றும் அவ்வூரில் காட்டப்படுகிறது. ரப்பர் மலாயாவின் மரமன்று; பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து வந்தது. இன்று அதன் இடத்தைப் பிடித்துள்ள செம்பனையும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. மண்ணிற்கு வந்து வேர் விட்ட மரத்தை எவரும் அயல்மரம் என்று ஒதுக்குவதில்லை.

1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் வந்தனர். அம்முறை 1910இல் நீக்கப்பட்டது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது கங்காணி முறையில் மேலும் பலர் வந்தனர். இந்திய அரசாங்கம் 1938இல் அதற்குத் தடை விதித்தது. வந்தவர்கள் தம்மைத் ‘தமிழர்’ என்று எண்ணிக்கொண்டு கப்பல் ஏறியவர்கள் அல்லர். சேலத்தார், திருச்சியார், தஞ்சையார், வட ஆர்க்காட்டார் என்று ஊராலும், அதனினும் மிகுதியாகச் சாதியாலும் தம்மை அறிந்தவர்கள். சில தோட்டங்களில் லயங்கள்கூடச் சாதி பார்த்தே பிரிக்கப்பட்டன.

ஆயினும் விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஒருங்கு நிற்கவும், ஒரே நிரையில் பால் வெட்டவும், ஒரே ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை விடவும், ஒரே மாரியம்மன் கோயிலில் தீமிதி காணவும் நேர்ந்தபோது, அவர்கள் மெல்ல மெல்லத் தமிழராயினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்ற விதி 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் வந்தது, 1923இல் வலுப்பெற்றது. பல இடங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகையாகவும், ஆசிரியர் ஒரு கிராணியாகவும் இருந்ததுண்டு. என்றாலும் அங்கேதான் அரிச்சுவடி நிலைத்தது. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவிற்கு வந்து ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். சாதியை விட்டுத் தமிழர் என ஒன்றுபடும் எண்ணம் தோட்டங்களிலும் பரவியது. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேச’னும், 1935இல் தோன்றிய ‘தமிழ் முர’சும் அந்த ஒற்றுமைக்கு நாள்தோறும் உரமிட்டன.

ஆகவே பேராக் தமிழரின் தமிழ்மை அவர்கள் கப்பலில் கொண்டுவந்த மூட்டை மட்டுமன்று. பெரும்பகுதி இந்த மண்ணிலேயே, சேர்ந்து வாழ்ந்ததனால் விளைந்தது.

புணர்ச்சி வகைகள்

பல மக்கள் கூடி வாழும்போது ஒரு மக்கள் மற்றொன்றில் கரைந்து போவரா, தனித்து நிற்பரா என்ற வினா எழுகின்றது. இதற்கு ஆம், இல்லை என ஒரு சொல்லில் விடை கூறல் இயலாது. இரு சொற்கள் கூடுவதற்குத் தமிழிலக்கணம் கூறும் முறை இங்கே நமக்குத் துணை செய்யும். முன்னே நிற்பது நிலைமொழி. வந்து சேர்வது வருமொழி. மாற்றமின்றிச் சேர்வது இயல்பு; ‘பால்வெட்டு’ என்பது போல. மாறிச் சேர்வது விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். பூவும் கொடியும் பூங்கொடியாதல் தோன்றல். பொன்னும் குடமும் பொற்குடமாதல் திரிதல். மரமும் வேரும் மரவேராதல் கெடுதல்.

இம்மூன்றுக்கும் மலாயாவிலேயே சான்றுகள் உண்டு. மலாக்காச் செட்டிகளை எடுத்துக்கொள்வோம். மலாக்காவில் சுல்தான்கள் ஆண்ட 15ஆம் நூற்றாண்டிலேயே வாணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து நிலைத்த தமிழரின் வழியினர் அவர்கள். பேச்சு மலாய்; உடை சாரோங்கும் கெபாயாவும். ஆனால் சைவம் மாறவில்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை இன்றும் போற்றுகின்றனர். பொங்கலை ஒட்டி முன்னோர்க்குப் படையல் இடுகின்றனர். அவர்களிடம் கெட்டது மொழி, நின்றது வழிபாடு. இது கெடுதல்.

ஜாவி பெரானக்கான் என்பார் மற்றொரு சாரார். தென்னிந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர். அவர்கள் மலாய் மொழியைத் தமதாக்கிக்கொண்டதோடு நில்லாமல் அதனை வளர்த்தனர். மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் 1876இல் சிங்கப்பூரில் அவர்கள் முயற்சியால் அவர்கள் பெயராலேயே வெளிவந்தது. மலாய் உரைநடைக்குப் புதுவழி வகுத்த முன்ஷி அப்துல்லாவும் தமிழ்க் குருதியும் அரபுக் குருதியும் கலந்த குடும்பத்தினரே. இளமையில் மலாக்காவில் தமிழ் கற்றவர். இது திரிதல். இதனை இழப்பு என்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. பொன் பொற்குடத்தில் இல்லாமற் போய்விடவில்லை.

இனி, பேராக்கின் தோட்டத் தமிழர் நிலை பெரும்பாலும் தோன்றல் எனலாம். மொழியும் சமயமும் இருந்தபடி இருக்க, இடையே புதியவை தோன்றின. தமிழாசிரியர்கள் நன்கு அறிந்த ‘ரோத்தான்’ மலாய்ச் சொல். பிரம்பு என்பது பொருள். ஈயம் தோண்டும் இடம் ‘லம்பம்’ ஆயிற்று. அதுவும் மலாய் தந்ததே. மலேசியத் தமிழர் பெயர்களைப் பாருங்கள். தன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே, ஆணாயின் ‘அனாக் லெலாக்கி’, பெண்ணாயின் ‘அனாக் பெரம்புவான்’ என்பதன் குறுக்கம் நிற்கும். மகன், மகள் என்பவற்றுக்கு உரிய மலாய்த் தொடர்கள் அவை. மரம் என்பதும் ஐ என்பதும் சேரும்போது ‘அத்து’ என்னும் சாரியை இடையே தோன்றி ‘மரத்தை’ ஆவது போல, இரண்டு தமிழ்ப் பெயர்களை ஒரு மலாய்ச் சாரியை இணைத்து நிற்கின்றது.

ஈப்போவின் புந்தோங் பகுதி ‘கச்சாங் பூத்தே’ வணிகத்துக்குப் பெயர் பெற்றது. தென் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய தொழில். விற்பது கடலையும் முறுக்கும், பெயர் மலாய், வாங்குவோர் எல்லா மக்களும். அந்நகரின் கல்லுமலை முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று சீன அன்பர்களும் நேர்த்திக்கடன் செலுத்துவதைக் காணலாம்.

இங்கே ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்ட வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. புணர்ச்சியில் மாற்றம் வருமொழிக்கு மட்டும் உரியதன்று. பொற்குடத்திலும் மரவேரிலும் மாறியது நிலைமொழியே. மலாய் மொழியும் தமிழால் மாறியது. கப்பல் அங்கே ‘காப்பால்’, கடை ‘கெடாய்’, குளம் ‘கோலாம்’, மாம்பழம் ‘மெம்பெலாம்’. வந்தவர்தாம் மாற வேண்டும், இருந்தவர் மாறார் என்பது மொழி வரலாற்றுக்கு ஒவ்வாத கூற்று.

தமிழில் வந்து சேர்ந்தவர்கள்

நாம் பிறரில் கரைவதைப் பற்றியே கவலைப்படுகிறோம். பிறர் நம்மில் சேர்ந்ததை மறந்துவிடுகிறோம். வறுமைக் காலங்களிலும் ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும் சீனக் குடும்பங்கள் சில வளர்க்க இயலாமல் கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அக்குழந்தைகள் தமிழ் பேசி, சேலை உடுத்தி, தமிழரை மணந்து, பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடும் பாட்டிகளாயினர். முகம் சீனம், நா தமிழ். இவர்களை எவ்வினத்தார் என்பது? பதிவேடு ஒரு விடை கூறும். அவர்கள் பெற்ற பிள்ளைகள் வேறு விடை கூறுவர். பிள்ளைகள் கூறும் விடையே வள்ளுவர்க்கு உடன்பாடு என்று கொள்வதில் தவறில்லை.

கீழ்ப்பேராக்கில் பாகான் டத்தோ பகுதியின் தென்னந்தோட்டங்களில் தெலுங்கர் மிகுதியாகக் குடியேறினர். அவர்களுக்கெனத் தெலுங்குப் பள்ளிகளும் இருந்தன. காலப்போக்கில் அவை மறைய, தெலுங்குப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றனர். அவர்கள் தெலுங்கை இழந்ததில் தமிழுக்கு ஆக்கம் இருந்திருக்கலாம். அந்த இழப்பின் வருத்தத்தையும் நாம் உணர்தல் வேண்டும். நம் மொழிக்கு நாம் அஞ்சும் நிலையை வேறொரு மொழி நம்மிடையே எய்தியதன்றோ?

சொல்லுக்கு இல்லாத துன்பம்

உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. சொற்களுக்குப் பசியில்லை, அவமானம் இல்லை, அடையாளக் கார்டும் இல்லை. மனிதர்க்கு இவை யாவும் உண்டு. 1957இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமை பெற வாய்ப்பிருந்தும் அறியாமையால் பெறாதிருந்த தோட்டத் தொழிலாளர் பலர். 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரவர் வேலை இழந்து இந்தியாவுக்குத் திரும்பினர். லயத்தில் பிறந்தும் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்து மறைந்தவர்களும் உண்டு. புணர்ச்சி நிகழ வேண்டுமாயின் இரண்டும் சொற்களாக ஏற்கப்பட்டிருத்தல் முதல் தேவை. ஒன்றைச் சொல்லென்றே ஏற்காத இடத்தில், அது ஒன்றிக் கலக்கவில்லை என்று குறை கூறுவது முறையன்று.

தோட்டம் மறைந்த பின்

1950களிலும் 1960களிலும் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழக்கும் நிலை வந்தது. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சிறு சேமிப்பைப் பங்குப்பணமாகச் செலுத்த, சங்கம் தோட்டங்களை வாங்கியது. ஆயினும் வெள்ளம் முழுதும் அணையால் தடுக்கப்படவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் ஈப்போ, தைப்பிங், கோலாலம்பூர் எனப் பிரிந்து சென்றனர்.

தோட்டத்தில் தமிழனாக வாழ்வதற்கு முயற்சி தேவைப்படவில்லை. பள்ளியும் கோயிலும் அண்டை வீடும் தமிழே. இன்று நகரத்து அடுக்குமாடியில் அண்டை வீட்டார் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருப்பர். முன்பு சூழல் தானாகச் செய்த பணியை இன்று குடும்பம் அறிந்து செய்ய வேண்டியுள்ளது. விடுதலையின்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. அவற்றுள் மிகுதியானவை பேராக் மாநிலத்திலேயே உள்ளன. தோட்டம் மறைந்தும் பள்ளி மட்டும் தனித்து நிற்க, பிள்ளைகள் தொலைவிலிருந்து வந்து பயிலும் ஊர்கள் பல.

தனித்தனி மொழிப்பள்ளிகள் நாட்டு ஒற்றுமைக்குத் தடை என்போர் உளர். அவர்கள் கூற்றில் உண்மையே இல்லை என்று தள்ளிவிடலாகாது. இளமையில் ஒருங்கு விளையாடாத பிள்ளைகள் பின்னர் ஒருவரையொருவர் அறிவது கடினமே. ஆனால் தமிழ்ப்பள்ளி என்பது தொடக்கப்பள்ளியே. அங்கும் மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்கள். ஆறாண்டுக்குப் பின் அப்பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் மலாய் மொழியிலேயே, மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கின்றனர். அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்கும்போதே, பிற மொழிகளைக் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் தடையில்லை என்கிறது. தாய்மொழிப் பள்ளிகள் சட்டத்திற்கு மாறானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2021இல் உயர் நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. எனவே சட்டம் இடம் தருகின்றது. அந்த இடத்தை நிரப்புவதோ வெறுமையாக விடுவதோ பெற்றோரின் கையில் உள்ளது. நீதிமன்றம் பள்ளியைக் காக்கலாம். வீட்டில் பேசாத மொழியைக் காக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

புதிய வருமொழி

இறுதியாக ஒன்று. புணர்ந்து ஒன்றான தொடர் அடுத்த சொல் வரும்போது தானே நிலைமொழியாய் நிற்கும். பேராக் தமிழர் இன்று அந்நிலையில் உள்ளனர். பாட்டனார் வருமொழியாக வந்தார். பேரன் நிலைமொழியாக நிற்கிறான். தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். நம் முன்னோர் இருந்த லயங்கள் சிலவற்றில் இன்று அவர்கள் குடியிருக்கின்றனர். கடன்பட்டு வருதல், கடவுச்சீட்டைப் பிறர் கையில் விடுதல், மொழி அறியாது ஏய்க்கப்படுதல் ஆகிய துன்பங்கள் அவர்கட்கும் உண்டு. கங்காணி காலத்து வரலாறு அறிந்தவர்க்கு இவை புதியன அல்ல. நம்மை வந்தேறிகள் என்று பிறர் கூறும்போது நெஞ்சம் நோகும் நாம், அச்சொல்லையே அவர்கள்மீது வீசலாமோ?

புணரியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பூங்கொடியையும் பொற்குடத்தையும் விளக்கியபின் மாணவர்களிடம் ஒரு வினா கேட்கலாம்: ‘உன் வீட்டில் எது தோன்றியது, எது திரிந்தது, எது கெட்டது?’ பாட்டி பேசிய சொற்களுள் தமக்குத் தெரியாதவை எவை, தம் பேச்சில் கலந்த மலாய்ச் சொற்கள் எவை, அண்டை வீட்டாரிடமிருந்து பெற்ற உணவும் பழக்கமும் எவை என்று பிள்ளைகள் பட்டியல் எழுதட்டும். தோன்றியதற்காக அவர்கள் வெட்கப்பட வேண்டுவதில்லை. திரிந்ததற்காக அஞ்ச வேண்டுவதில்லை. கெட்டவற்றுள் மீட்கத்தக்கன எவை என்பதை ஆசிரியரும் பெற்றோரும் அப்பட்டியலைக் கொண்டு ஆராய்ந்தால், அந்தப் பாடம் வகுப்பறையோடு நில்லாது வீட்டுக்கும் சென்று சேரும்.